ஊட்டிக்கு வந்த வசந்தமும் உண்ணிமுள்ளும்

பங்குனி பொறந்தா போதும், சென்னை, பெங்களூரு, கோயமுத்தூர்னு டவுன்ல இருக்கிற நண்பர்கள்கிட்ட இருந்து ஒரே கேள்விதான் வரும். "அண்ணா, ஸ்பிரிங் சீசன் ஆரம்பிச்சிருச்சே, மாடியில என்ன விதை போடலாம்?" கூடவே ஒரு விதைப் பாக்கெட்டோட போட்டோவும் வரும். முன்பக்கம் ஆரஞ்சு கலர்ல கேரட்டோ, ஊதா கலர்ல பெட்டூனியாவோ இருக்கும். பின்பக்கம் வசந்த காலத்துல விதைக்கணும்னு இங்கிலீஷ்ல அச்சடிச்சிருக்கும்.

"வேண்டாமுங்க, புரட்டாசி கடைசி வரைக்கும் அந்தப் பாக்கெட்டை ஃபிரிட்ஜுல வைங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். ஆனா அந்த 'வசந்தம்' எப்படி நம்ம ஊர் விதைப் பாக்கெட் மேல வந்து ஒட்டிக்கிச்சுங்கிறது ஒரு பெரிய கதை. அதுல பாதிக் கதை எங்க தோட்டத்துல நின்னு வடக்க பார்த்தா தெரியுற மலையில நடந்தது. அதனால இந்தத் தடவை கொஞ்சம் விரிவா எழுதறேன்.

முதல்ல நம்ம கணக்கு. தமிழ்ல வருஷத்தை ஆறு பருவமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். வசந்தம்னு சொன்னா நமக்கு அது இளவேனில்தான். மல்லிகை கொட்டும், வேம்பு பூக்கும், மாங்காய் காய்க்கும், எல்லாம் சரி. ஆனா குடியானவனுக்கு அது விதைக்கிற காலம் இல்லை. கிணத்துல தண்ணி இறங்கிட்டே போற காலம். கோடை மழை ஒண்ணு ரெண்டு பெஞ்சா பொன்னேர் பூட்டி ஒரு சால் ஓட்டிப் போட்டு மண்ணைக் காயவிடுவோம். விதைப்புக்கு ஆடி. 'ஆடிப்பட்டம் தேடி விதை'ன்னு சொல்றதுல 'தேடி'ங்கிற வார்த்தை சும்மா எதுகைக்கு வந்ததில்லைங்க. மேகத்தையும் காத்தையும் பார்த்து நாளைத் தேடணும்.

இங்கிலாந்துக்காரனுக்கு வசந்தம் வேற. அங்க மூணு நாலு மாசம் மண்ணு குளிர்ந்து கிடக்கும். மார்ச்சுல சூடு ஏற ஆரம்பிக்கும். அதோட பகலும் விறுவிறுன்னு நீளும். லண்டன்ல டிசம்பர் கடைசியில பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. ஜூன் கடைசியில 16 மணி நேரத்தைத் தாண்டிடும். எங்க ஊர்ல வருஷத்துலயே நீளமான பகல் பன்னிரண்டே முக்கால் மணி நேரம், குட்டையான பகல் பதினொன்றரை மணி நேரம். அவ்வளவுதான் வித்தியாசம். செடிக்குக் காலண்டர் கிடையாது. அது வெப்பத்தையும் ராத்திரி நீளத்தையும் வெச்சுத்தான் மாசத்தைக் கண்டுபிடிக்குது. ஐரோப்பாவுல இருந்து வர்ற சில பெரிய வெங்காய ரகங்களுக்கு 14 மணி நேரப் பகலாவது இருந்தாத்தான் கிழங்கு பிடிக்கும். அதைக் கொண்டுவந்து நம்ம மாடியில போட்டு எவ்வளவு எரு வெச்சாலும் தாள்தான் வரும். நம்ம பக்கத்து அவரைக்கு நேர் எதிர். வைகாசியில போட்டாலும் ஆடியில போட்டாலும் கொடி மட்டும் பந்தல் நிறையப் படரும். ராத்திரி நீண்டு பனி இறங்க ஆரம்பிச்சாத்தான் பூ எடுக்கும். மார்கழிப் பனியில அவரை காய்க்கிறதும் லண்டன்ல ஜூன்ல வெங்காயம் திரள்றதும் ஒரே மாதிரிக் கணக்குதான். ஊருதான் வேற.

இப்ப மலைக் கதைக்கு வர்றேன்.

1819-ல கோயமுத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மேல ஏறினார். முதல்ல தங்கினது கோத்தகிரிப் பக்கம். கன்னேரிமுக்குல அவர் இருந்த பங்களா இன்னிக்கு நினைவகமா இருக்கு, போனா பார்த்துட்டு வாங்க. 1822-ல உதகையில கல் பங்களா கட்ட ஆரம்பிச்சார். அது இப்ப அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள்ள இருக்கு. கீழ சமவெளியில வேகுற வெயில்ல காய்ச்சலும் பேதியுமாக் கிடந்த வெள்ளைக்காரங்களுக்கு, கடல் மட்டத்துக்கு மேல 2,240 மீட்டர்ல ஒரு ஊர் கிடைச்சது, அதுவும் சொந்த ஊர்க் குளிரோட. அவங்க முதல்ல செஞ்ச வேலைகள்ல ஒண்ணு தோட்டம் போட்டதுதான். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், டர்னிப், கூடவே ஸ்ட்ராபெரி, ரோஜா. சல்லிவன் தன் பங்களாவைச் சுத்தி இதையெல்லாம் போட்டுப் பார்த்தார். வந்தது.

அது காலி நிலம் இல்லைங்கிறதை இங்கேயே சொல்லிடணும். தோடர்கள் எருமை மேய்ச்ச புல்வெளி அது. பக்கத்துல படுகர்கள் ராகி, சாமை, கொரலி, பார்லி எல்லாம் வெள்ளாமை வெச்சாங்க. அவங்களுக்கும் பருவம் இருந்தது, விதைப்புக்கும் அறுப்புக்கும் பண்டிகை இருந்தது. புதுசா வந்தவங்களுக்கு அந்தக் காலண்டர் கண்ணுல படலை, அவங்க கையோட கொண்டு வந்த காலண்டர்தான் தெரிஞ்சது.

ஊரு பெருத்ததும் காய் பத்தலை. 1840-களோட நடுவுல உதகையில இருந்த ஐரோப்பியக் குடும்பங்கள் ஒண்ணு சேர்ந்து மாசம் 3 ரூபாய் சந்தா போட்டு ஒரு காய்கறித் தோட்டம் ஆரம்பிச்சாங்க. நியாயமான விலையில காய் கிடைக்கணும்னு ஏற்பாடு. இப்ப நீங்க நகரத்துல ஆர்கானிக் காய்க்கூடைக்கு மாசச் சந்தா கட்றீங்களே, கிட்டத்தட்ட அதேதான். அப்பவும் அது சரியா நடக்கலை! பண்ணையத்தைச் சந்தாவுல நடத்துறது அவ்வளவு லேசு இல்லைங்க. 1847-ல சென்னை கவர்னரா இருந்த ட்வீடேல் பிரபு ஆதரவுல பணம் திரட்டி, ஒரு தோட்டக்கலைச் சங்கமும் பொதுத் தோட்டமும் அமைக்க முடிவாச்சு. 1848-ல லண்டன் கியூ தோட்டத்துல வேலை பார்த்த வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் வந்து சேர்ந்தார். மேல காடும் கீழ சதுப்புமாக் கிடந்த ஒரு சரிவைத் திருத்தி, வடிகால் வெட்டி, படி படியா எடுத்து, புல்தரை போட்டு அவர் ஒப்பேத்துறதுக்குப் பத்து வருஷம் ஆச்சு. நீங்க டிக்கெட் வாங்கிப் போய் போட்டோ எடுக்கிற தாவரவியல் பூங்கா அதுதான், 55 ஏக்கர். அதுக்கு மேல்பக்கம் தோடர் மந்து ஒண்ணு இருக்கு. பூங்காவுக்குப் போறவங்கள்ல பாதிப்பேர் அதுவரைக்கும் ஏறிப் போறதில்லை.

ஆக, ஊட்டிப் பூங்காவோட வேர் ஒரு காய்கறிப் பாத்திதான். பூவெல்லாம் அப்புறம் வந்தது.

இந்த மலையிலகூட அந்த இங்கிலீஷ் வசந்தம் முழுசாப் பொருந்தலைங்கிறதுதான் வேடிக்கை. மார்ச்சுல விதைச்சு மே, ஜூன்ல பூப் பார்க்கணும்னா, ஜூன் பொறந்ததும் தென்மேற்குப் பருவமழை வந்து அடிச்சு நாசம் பண்ணிடும். டிசம்பர், ஜனவரியில பள்ளத்துல உறைபனி விழும், நாத்து கருகும். அதனால பூங்காவுல இன்னிக்கும் பனிக்காலத்துல செடிகள் மேல கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து மூடி வைப்பாங்க. லண்டன்ல படிச்ச படிப்புல மிலார் கிடையாது. அது மலைக்காரங்க அறிவு. 1896-ல மலர்க் கண்காட்சி ஆரம்பிச்சது, இப்பவும் மே மாசம்தான். அது செடி கேட்ட மாசம்னு எனக்குத் தோணலை. மெட்ராஸ் வெயிலுக்குப் பயந்து சர்க்காரே மலைக்கு ஏறி வந்த மாசம் அது. இப்ப நீங்க ஏறி வர்றீங்க. அந்த மே மாசத்துக்காக ஜனவரியில இருந்தே ஆயிரக்கணக்கான தொட்டியில நாத்து நட்டு வளர்த்துக்கிட்டு இருப்பாங்க.

காய்கறியை மலைக் குடியானவங்க வேற விதமாக் கையாண்டாங்க. அவங்க வசந்தம்னு ஒண்ணை வெச்சுக்கல. உருளைக்கிழங்கை மூணு போகமாப் பிரிச்சுட்டாங்க. தை, மாசியில தண்ணி பாய்ச்சி நடறது நீர்ப்போகம். பங்குனி, சித்திரையில கோடை மழையை வெச்சு நடறது கார்போகம். ஆடி, ஆவணியில நடறது கடைப்போகம். ஒரு ஐரோப்பியப் பயிரை மலையோட மழைக்கணக்குல இப்படி ஏத்தினதை நான் ஒரு பெரிய கண்டுபிடிப்புன்னே சொல்வேன். எந்தக் கல்வெட்டுலயும் யார் பேரும் இல்லை. படுகர் ஊர்கள்ல நாலஞ்சு தலைமுறையில ராகியும் சாமையும் ஒதுங்கி கிழங்கும் கோஸும் கேரட்டும் வந்தது. 1899-ல மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கும், 1908-ல உதகைக்கும் ரயில் ஏறினதுக்கு அப்புறம் சரக்கு இறங்கறது இன்னும் லேசாச்சு. மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டி அப்படி வளர்ந்ததுதான். விடியக்காலையில ஏலம் கூறுற சத்தத்தைக் கேட்டா, இது தென்னமெரிக்காவுல பொறந்து சீமையைச் சுத்தி வந்த கிழங்குன்னு நினைப்பே வராது.

ஆனா நம்ம அடுப்படி ரொம்ப நாள் அதை நம்பலை. கேரட், கோஸ், நூக்கோல், பீட்ரூட் எல்லாத்துக்கும் சேர்த்து 'இங்கிலீஷ் காய்'னு ஒரே பேரு. திதி, தெவசத்துக்குப் பல வீடுகள்ல இன்னிக்கும் அதைச் சேர்க்கிறதில்லை. வாழைக்காய், பாகல், புடலை, கொத்தவரை, சேனை, காரத்துக்கு மிளகு. தக்காளியும் மிளகாயும்கூட அந்த எலைக்கு வராது. எது முன்னாடி இருந்தது, எது அப்புறம் வந்ததுன்னு தெரிஞ்சுக்கணும்னா தெவசச் சமையல் பட்டியலைப் பாருங்க, அந்த அளவுக்கு நேர்த்தியான ஆவணம் வேற கிடையாது. கோயில் மடப்பள்ளியும் அப்படித்தான். பூ விஷயத்துல மட்டும் சாமி தாராளம். செண்டுமல்லி மெக்சிகோவுல இருந்து வந்தது. அரளி மாதிரியே பேரு வெச்சுக் கோயில் மதிலோரம் நிக்கிற ஈழத்தலரி அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. சிவன் கோயில்ல நிக்கிற நாகலிங்க மரமே தென்னமெரிக்கக் காட்டு மரம். இன்னொரு வேடிக்கை சொல்றேன். டிசம்பர் பூ நம்ம நாட்டுச் செடிதான். பேரு மட்டும் இங்கிலீஷ் மாசம்.

சமவெளிக்கு வருவோம். சமவெளியில இருந்த வெள்ளைக்காரங்க ஒரு விஷயத்தைச் சீக்கிரமே புரிஞ்சுக்கிட்டாங்க. சென்னையில 1835-ல டாக்டர் ராபர்ட் வைட் முயற்சியில வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பிச்சது. கதீட்ரல் ரோட்டுல செம்மொழிப் பூங்கா இருக்கே, அது ஒரு காலத்துல அந்தச் சங்கத்தோட நிலம். வங்காளத்துல ஃபர்மிங்கர்னு ஒரு பாதிரியார் 1860-களில் இந்தியாவுக்குன்னே தோட்டக் கையேடு எழுதினார். இவங்க எல்லாரும் கண்ட உண்மை ஒண்ணுதான்: சீமையில மார்ச்சுல போடறதை இங்க மழை ஓஞ்ச பிறகு, அக்டோபர் வாக்குல போடணும். சீமை வசந்தம் நம்ம ஐப்பசிக்கு மாறிடுச்சு. பெட்டூனியா, ஃபிளாக்ஸ், கேரட், கோஸ், எல்லாம் பனிக்காலப் பயிராச்சு. 150 வருஷத்துக்கு முந்தி அச்சான அறிவு இது. அப்புறமும் இன்னிக்குப் பாக்கெட் மேல அதே பழைய 'வசந்தம்' இருக்குன்னா, அச்சடிக்கிறவர் வெளிநாட்டுப் பாக்கெட்டைப் பார்த்து அப்படியே எடுத்துப் போடறார்னு அர்த்தம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது காலிஃபிளவர் கதை. 1822-ல சகாரன்பூர் கம்பெனித் தோட்டத்துப் பொறுப்பாளர் ஜெம்சன் லண்டனில் இருந்து அந்த விதையைக் கொண்டு வந்தார். ஐரோப்பிய ரகம் குளிர் கேட்கும், வடநாட்டு வெயில்ல பூ கட்டாது. ஆனா பத்துச் செடியில ஒண்ணு தப்பிச் சின்னதா ஒரு பூ வெச்சிருக்கும். அங்க இருந்த குடியானவங்க அந்த ஒண்ணை அறுக்காம விட்டு விதை எடுத்தாங்க. அடுத்த வருஷம் அதையே போட்டு, அதுலயும் நல்லதைப் பொறுக்கி, இப்படியே நூறு வருஷம். 20-ல இருந்து 27 டிகிரிச் சூட்டுலயும் பூ கட்டுற, சமவெளியிலயே விதை பிடிக்கிற இந்தியக் காலிஃபிளவர் அப்படித்தான் உருவாச்சு. பின்னாடி வந்த ஆராய்ச்சி நிலையங்கள் அந்த ரகங்களை எடுத்துத்தான் மேல கொண்டு போனாங்க. ஊருக்கு ஒத்து வராத செடியை ஊருக்கு ஒத்து வர வெக்கிறதுக்கு எரு, மருந்து எல்லாத்தையும் விட பெரிய வழி, தப்பிச்ச செடியில விதை எடுக்கிறதுதான்.

காய்கறிகள் நம்ம வழிக்கு வந்த கதை இது. புதர்ச்செடிகள் கதை அப்படி முடியலை.

சொந்த ஊரை நினைச்சுக்க வெள்ளைக்காரங்க மலைக்குக் கொண்டு வந்ததுல கார்ஸ், ஸ்காட்ச் புரூம்னு ரெண்டு மஞ்சள் பூப் புதர்ச்செடி உண்டு. ஸ்காட்லாந்துல வசந்தம் வந்துச்சுங்கிறதுக்கு இதுதான் அடையாளம், குன்றெல்லாம் மஞ்சளா மின்னும். பங்களா வேலியோரம் நட்டாங்க. அது வேலியைத் தாண்டிப் புல்வெளிக்குள்ள போச்சு. விறகுக்காக ஆஸ்திரேலியாவுல இருந்து சீகையும் கற்பூர மரமும் வந்தது. நீலகிரிக்குக் கற்பூர மரம் 1843 வாக்குல வந்தது. அழகுக்கு வந்ததும் விறகுக்கு வந்ததும் சேர்ந்து சோலைக்கும் சோலைக்கும் நடுவுல இருந்த புல்லை மூடிச்சு. புல்லு போனா தோடர் எருமைக்கு மேய்ச்சல் போச்சு. எங்களுக்கும் இழப்புதான். மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு, பங்குனி வரைக்கும் ஊத்து ஊத்தாக் கசிய விடறது அந்தப் புல்லும் சோலையும்தான். பவானியில கோடைத் தண்ணி வர்றதும் வராததும் அங்க முளைச்சிருக்கிற செடியைப் பொறுத்தது. ஐப்பசி மழைக்கு ஆறு செக்கச் செவேல்னு வரும்போது, கேரட் காட்டுச் சரிவுல மேல இருந்து கீழா வெட்டின பாரும் அதுல இருக்குன்னு எங்க எல்லாருக்கும் தெரியும். மலைக்காரங்களை மட்டும் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. வருஷம் முழுக்க கேரட் கேட்கிறது நாமதானே. ஒரே மண்ணுல கிழங்கையே திரும்பத் திரும்பப் போட்டதுல 1961-ல உதகையில உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அதைத் தாங்கற குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி ரகமெல்லாம் வந்தும், மண்ணுல இருந்து புழுவை ஒழிக்க முடியலை. விதைக்கிழங்கை வெளியே கொண்டு போக இன்னிக்கும் கட்டுப்பாடு இருக்கு.

மலையடிவாரத்துல எங்களுக்கு எதிரி உண்ணிமுள்ளு. லேன்டனான்னு நர்சரியில அழகாத் தொட்டியில வெச்சு விக்கிறாங்களே, அதேதான். அமெரிக்க வெப்ப நாட்டுச் செடி, ஐரோப்பியத் தோட்டங்கள்ல சீராட்டி வளர்த்தது. 19-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியா, வேலிச் செடியா வந்தது. ஒரே கொத்துல மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ்னு கலர் மாறும். பட்டாம்பூச்சி மொய்க்கும். கருப்புப் பழத்தைக் குருவி தின்னு காடெல்லாம் விதைக்கும். ஆடு மாடு தழையைத் தின்னா ஈரல் கெட்டுப் போகும். அதுக்கு அடியில புல்லு முளைக்காது, யானைக்கும் மானுக்கும் தீனி இல்லாமப் போய் அதுக எங்க வாழைக்கு வருது. எங்க பக்கத்துல "ஆனை ஊருக்குள்ள வந்துருச்சு"ன்னு டிவியில காட்டுறாங்களே, அதுக்குக் காரணங்கள் பல. அதுல ஒரு காரணம் இந்தப் பூச்செடி.

இந்த உண்ணிமுள்ளை வெட்டி அதோட குச்சியில கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் ஆளுயரத்துக்கும் மேல நிஜ யானை அளவுக்கு யானைகள் செஞ்சாங்க. 2021-ல அது நூறுக்கும் மேல லண்டன் பூங்காக்கள்ல நின்னது. தோட்ட அழகுக்குன்னு கப்பல்ல வந்த செடி யானையா மாறித் திரும்பிப் போச்சுன்னு நாங்க சிரிச்சுக்கிட்டோம். ஆனா காட்டுல இருக்கிறதைப் பார்த்தா அது ஒரு கைப்பிடிகூட இல்லை. முதுமலைப் பக்கம் இப்ப மஞ்சக்கொன்றை இன்னொரு உண்ணிமுள்ளா வளருது. அதுவும் அழகு மரமா வந்ததுதான். அரசு அதை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்புது.

சரி, இவ்வளவும் படிச்ச பிறகு, "இப்பப் பங்குனியில நான் என்னதான் போடறது?"ன்னு கேட்பீங்க. போடறதுக்கு நிறைய இருக்குங்க, சீமைச் சரக்குதான் இல்லை. வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, வெள்ளரி, பூசணி, சுரை, பீர்க்கன், பாகல், இதெல்லாம் வெயிலைத் தின்னு வளர்ற சாதி. பாகல், பீர்க்கன் விதை தோல் கெட்டி. ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டு, ஈரத்துணியில முடிஞ்சு வெச்சு, முளை கண்டதும் நடுங்க. தொட்டி மண்ணு மேல காஞ்ச இலை, வைக்கோல், தேங்காய் நார் எது கிடைச்சாலும் மூணு விரக்கடை மூடாக்குப் போடுங்க. மாடித்தளம் கொதிக்கும், அதனால தொட்டியைச் செங்கல் மேல தூக்கி வைங்க. தண்ணி விடியக்காலையில. மத்தியானம் இலை துவண்டு தெரிஞ்சா பதறி ஊத்தாதீங்க, சாயங்காலம் தானா நிமிரும். நிமிரலைன்னாதான் தண்ணிக் குறை. பூசணி, சுரையில பிஞ்சு வெம்பி விழுதுன்னா மாடிக்குத் தேனீ வரலைன்னு அர்த்தம். ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிள்ளிட்டு, பெண் பூவோட நடுவுல மெதுவாத் தொட்டு விடுங்க. பூசணிக்குக் காலையில, சுரைக்குச் சாயங்காலம், ஏன்னா சுரை சாயங்காலம்தான் பூக்கும். கீரையில தண்டுக்கீரையும் அரைக்கீரையும் போதும், பாலக்கு கேட்காதீங்க.

பூவுக்கு இது மல்லிகை காலம், புதுசா நட வேண்டிய காலம் இல்லை. நட்டு வெச்சதுக்கு எரு வெச்சுத் தண்ணி கட்டுங்க. கவாத்து கார்த்திகை கடைசியில பண்ணியிருக்கணும், இப்பக் கத்தரியை எடுத்தா வர்ற மொட்டைத்தான் வெட்டுவீங்க. காகிதப்பூவுக்கு மட்டும் தண்ணியைக் குறைங்க. காயக் காயத்தான் அது பூக்கும். நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, கனகாம்பரம் எல்லாத்துக்கும் மத்தியான வெயில்ல கொஞ்சம் நிழல் கட்டினாப் போதும். அந்த கேரட், காலிஃபிளவர், பெட்டூனியாவை ஐப்பசியில போடுங்க. சென்னைன்னா பெருமழை ஓயட்டும், கார்த்திகையில போடுங்க.

அப்புறம் வேலி. டவுனை ஒட்டி அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிப் போட்ட நண்பர்கள் நர்சரியில போய்ப் பூக்கிற புதர்ச்செடி கேட்கிறாங்க. உண்ணிமுள்ளையும், தரையெல்லாம் படர்ற மஞ்சள் பூ சிங்கப்பூர் டெய்சியையும் தலையில கட்டி விட்டுடறாங்க. ரெண்டும் வேண்டாம். கொங்கு நாட்டுல கொரங்காட்டுக்குக் காலங்காலமாக் கிளுவை வேலிதான். மாடு ஆடு தாண்டாது, தழை வெள்ளாட்டுக்குத் தீனி, ஓணான், காடை, கீரிப்பிள்ளைன்னு ஒரு ஊரே உள்ள குடியிருக்கும். வேலியை விட்டு ஒரு அடி நகராது. காங்கயம் பக்கம் போகும்போது ரோட்டோரம் சாம்பல் நிறத்துல காஞ்ச மாதிரி நிக்கும், வறட்சின்னு நினைச்சுடாதீங்க, மழை பெஞ்ச வாரத்துல பச்சையாகிடும். விதை தேட வேண்டாம். பழைய வேலி வெச்சிருக்கிற யாராவது ஒரு குடியானவர்கிட்டக் கேட்டு, பெருவிரல் மொத்தத்துல குச்சி வெட்டி, மழைக்கு முன்னாடி நெருக்கமா நட்டு விட்டாப் போதும். இப்ப நடாதீங்க, வெயில்ல காஞ்சுடும். ஆடிக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. அதுக்குள்ள குழி எடுத்து மண்ணைக் காயப் போட்டு வைங்க.